ரோடியோ சுற்றில் ஆண்களின் காதல்: ஒரு மௌனத்தின் வரவு செலவு

ஆங்கில மின்னூல் கடைகளில் கௌபாய் காதல் கதைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. அதற்குள் இன்னொரு சின்னப் பிரிவும் இருக்கிறது: ரோடியோ சுற்றில் ஊர் ஊராகப் போகும் இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதைகள். 2005இல் ஆங் லீ எடுத்த 'ப்ரோக்பேக் மவுண்டன்' படத்துக்குப் பிறகு இவற்றை நம்மவர்களிலும் பலர் தேடிப் படிக்கிறார்கள். படித்ததும் இரண்டு சந்தேகம் வருகிறது. இந்தச் 'சுற்று' என்பது என்ன? இதெல்லாம் உண்மையில் நடக்கிறதா, எழுதுகிறவர்களின் ஆசைக் கற்பனையா?

நடக்கிறது. ஆனால் கதைகளில் வருகிற மாதிரி இல்லை. கதையில் காதலுக்குக் குறுக்கே நிற்பவர் பெரும்பாலும் கண்டிப்பான அப்பா, அல்லது ஊர்ப் பாதிரியார். அவர்களும் உண்டுதான். அவர்களைவிடப் பெரிய தடை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ரோடியோக்காரனுக்குக் காசு வரும் வழிதான் அது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் சில சொற்கள்

1. ரோடியோ. சுற்றி வளைப்பது என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. மெக்சிகோவின் மாட்டுக்காரர்களான வக்கேரோக்களிடமிருந்துதான் சுருக்குக் கயிறு, சேணம், தொழிற்சொற்கள் என்று எல்லாவற்றையும் அமெரிக்கக் கௌபாய்கள் எடுத்துக்கொண்டார்கள். போட்டிகளில் இரண்டு வகை உண்டு. திமிறும் காளை மீதோ குதிரை மீதோ ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு 8 விநாடி தாக்குப்பிடிப்பது ஒரு வகை. குதிரையில் துரத்திக் கன்றுக்குக் கயிறு வீசுவது, பீப்பாய்களைச் சுற்றி ஓட்டுவது என்று கடிகாரத்தோடு போட்டி போடுவது இன்னொரு வகை.

2. சுற்று. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. தொழில்முறை ரோடியோவின் பெரிய அமைப்பான பி.ஆர்.சி.ஏ. அமெரிக்காவை 12 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சுற்று. பேச்சுவழக்கில் சுற்று என்றால் ஓர் ஊரில் முடித்த கையோடு அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்புகிற வாழ்க்கை.

3. தன்பாலீர்ப்பு. 'ஓரினச் சேர்க்கை' என்ற பழைய சொல் படுக்கையைத் தாண்டி யோசிக்க விடாது. இங்கே பேசப்போவதில் பாதி, டீசல் செலவைப் பங்கிடுவதும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதும். அதனால் அந்தச் சொல் வேண்டாம்.

சம்பளம் கிடையாது

கால்பந்து, கூடைப்பந்து ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் உண்டு. அடிபட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வரும். ரோடியோக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை. களத்தில் இறங்க அவன்தான் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய ரோடியோக்களில் அதுவே சில நூறு டாலர். டீசல், சாப்பாடு, மோட்டல் எல்லாம் சொந்தச் செலவு. ஜெயித்தால் பரிசு. தோற்றால் கட்டிய பணமும் போச்சு.

தரவரிசையும் பணத்தை வைத்துத்தான். ஒரு டாலர் ஜெயித்தால் ஒரு புள்ளி. வருடக் கடைசியில் ஒவ்வொரு போட்டியிலும் முதல் 15 பேருக்கு மட்டும் டிசம்பரில் லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டிக்கு இடம். அந்தப் பதினைந்துக்குள் நுழைய நினைப்பவன் வருடத்துக்கு 70, 80 ரோடியோவாவது ஓடியாக வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 சுதந்திர தினம் வரையிலான நாட்களுக்குக் 'கௌபாய் கிறிஸ்துமஸ்' என்றே பெயர். பரிசுப் பணம் கொட்டுகிற நாட்கள் அவை. மதியம் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர் என்று ஓடுவார்கள்.

இதைத் தனியாகச் செய்ய முடியாது. கயிறு வீசுகிறவர்கள் சொந்தக் குதிரையை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், முன்பக்கம் படுக்கை வைத்த பெரிய ட்ரெய்லர் வைத்திருப்பார்கள். காளை ஏறுகிறவனுக்கு அதெல்லாம் வேண்டாம். காளை களத்திலேயே இருக்கிறது. அவனுடைய கயிறு, கையுறை, பாதுகாப்பு மேலங்கி எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வேன் எடுத்து, ஒருவர் ஓட்ட மற்றவர் தூங்கி, ஒரே மோட்டல் அறையில் படுத்து எழுவார்கள். இவர்களுக்கு 'பயணக் கூட்டாளிகள்' என்று பெயர். இதற்குப் பி.ஆர்.சி.ஏ.வின் பதிவு முறையிலேயே இடம் உண்டு. பெயர் கொடுக்கும்போது 'நாங்கள் ஒன்றாகப் பயணம் செய்கிறோம்' என்று குழுவாகப் பதிந்தால் ஒரே நாளில் களமிறங்க முடியும். இரண்டு ஆண்கள் வருடம் முழுவதும் ஒன்றாகச் சுற்றுவதற்கு அலுவலகமே வசதி செய்து கொடுக்கிற தொழில் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

மறைவிடமும் அதுவே, பூட்டும் அதுவே

இப்படிப்பட்ட வேலையில் இரண்டு ஆண்கள் ஒரே அறையில் தங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒருவன் அடிபட்டால் மற்றவன் அவனுக்குக் கட்டுப் போடுவான், பூட்ஸைக் கழற்றி விடுவான், காசில்லாத வாரத்தில் கட்டணத்தைக் கட்டிவிடுவான். எல்லாம் தொழில் நட்பின் கணக்கில் சேர்ந்துவிடும். காதலுக்கு இதைவிட நல்ல மறைவு கிடையாது.

இது புதிதும் அல்ல. 1860களின் கடைசியில் டெக்சாஸிலிருந்து வடக்கே மந்தை ஓட்டிப் போன காலத்தில் மாதக் கணக்கில் ஆண்கள் மட்டுமே சேர்ந்திருந்தார்கள். பெண்கள் இல்லாத முகாம்களில் நடனம் என்றால் ஆணோடு ஆண்தான் ஆடுவான். பெண் பங்கை ஏற்பவன் கையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வான். கிடாரிக்குச் சூடு போட்டாயிற்று என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். அந்த நடனத்தை வைத்து ஆடியவர்கள் எல்லோரும் காதலர்கள் என்று முடிவுகட்டுவது அபத்தம். ஆணைத் தொடுவது அன்றைக்கு இவ்வளவு பெரிய விஷயமாக இல்லை என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

1948இல் ஆல்ஃப்ரெட் கின்ஸி ஆண்களின் பாலியல் நடத்தை பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஒதுக்குப்புறமான மேற்குப் பகுதிகளில், மாடு வளர்ப்பவர்கள், மரம் வெட்டுபவர்கள், கனிமம் தேடி அலைபவர்கள் மத்தியில் ஆணுக்கும் ஆணுக்கும் உறவு இருப்பதை அவர் அதில் பதிவு செய்தார். அந்த மனிதர்களிடம் அதற்கென்று தனி அடையாளமோ நகரத்துப் பாவனைகளோ தனிப் பேச்சுமொழியோ இல்லை என்பதையும் குறித்திருக்கிறார். அதாவது செயல் இருந்தது, பெயர் இல்லை.

பெயர் வைத்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. என் வாசிப்பில் அது இப்படி நடக்கிறது:

1. செலவு குறைய வேண்டுமென்றால் ஆண்கள் ஒரே அறையில் படுத்தாக வேண்டும்.
2. அப்படிப் படுப்பதில் விசேஷம் எதுவும் இல்லை என்று எல்லோரும் நம்புகிற வரைக்கும் அது ஓடும்.
3. வேனில் இருக்கும் நால்வரில் ஒருவன் 'நான் தன்பாலீர்ப்பாளன்' என்று சொன்னால், மற்ற மூவரின் மீதும் ஊர் கண் படும்.
4. ஆகவே, அவனை வெறுக்காத நண்பனுக்கும்கூட அது காதில் விழாமல் இருப்பதே லாபம்.
5. கூட்டாளிகள் கழன்றுகொண்டால் செலவு நான்கு மடங்கு. அந்தப் பருவமே அவனுக்கு முடிந்த மாதிரிதான்.

இதற்கு மேல் விளம்பரதாரர்கள். ஜீன்ஸ், தொப்பி, டிரக் கம்பெனிகள் சட்டையில் முத்திரை குத்தி நாலு காசு கொடுப்பது 'குடும்பப் பாங்கான கௌபாய்' என்ற படத்துக்காக. கொடி ஊர்வலம், தேசிய கீதம், பிரார்த்தனை என்றுதான் ரோடியோ தொடங்கும். பெண்களோடு பழகுவதுகூடக் காட்சியின் ஒரு பகுதி. பரிசாக ஜெயித்த பெல்ட் பக்கிளைக் காதலிக்கு அணிவிப்பது வழக்கம். தன் பக்கிளை இன்னோர் ஆணுக்குக் கொடுத்தால் கேள்வி வரும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் வராது. தொழில்முறையின் மேல்மட்டத்தில் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன ஆண்கள் இன்றைக்கும் மிக அரிது.

சரி, வெளிப்படையாக இருக்க விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கென்று இன்னொரு சுற்றை உண்டாக்கினார்கள்.

ரீனோ, 1976

நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஃபில் ராக்ஸ்டேல் என்பவர் இருந்தார். தன்பாலீர்ப்பாளர்களின் தர்ம அமைப்பான 'இம்பீரியல் கோர்ட்' வழங்கும் 'ரீனோவின் பேரரசர்' என்ற விளையாட்டுப் பட்டம் அவருடையது. முதியவர்களின் நன்றி நவிலல் நாள் விருந்துக்குப் பணம் திரட்டவும், தன்பாலீர்ப்பாளர்கள் பற்றிய ஊரின் எண்ணத்தை மாற்றவும் 1975இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ரோடியோ நடத்தினால் என்ன?

இடம் கிடைத்துவிட்டது, வாஷோ மாவட்டச் சந்தை மைதானம். மாடுதான் கிடைக்கவில்லை. யாருக்கு என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் வாடகைக்குத் தர மறுத்தார்கள். கடைசி நேரத்தில் தேறியவை ஐந்து பசு, பத்து கன்று, ஒரு பன்றி, ஒரு ஷெட்லாந்து மட்டக் குதிரை. 1976 அக்டோபர் 2 அன்று அவற்றை வைத்துத்தான் முதல் ரோடியோ நடந்தது. 125 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். பன்றியை வைத்து என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்கு நெவாடாவில் ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம். அந்தச் சட்டம் 1993 வரை நீக்கப்படவில்லை.

ரீனோ ரோடியோ வேகமாக வளர்ந்தது. 1982இல் நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். கூட்டம் 10,000ஐத் தொட்டது. அப்புறம் எய்ட்ஸ் வந்தது. நோயைவிட அதைப் பற்றிய பீதி வேகமாகப் பரவியது. 1984க்குப் பிறகு ரீனோவில் அந்த ரோடியோ நடக்கவில்லை.

அதற்குள் ரீனோவுக்கு வந்து போனவர்கள் கொலராடோ, டெக்சாஸ், கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் சொந்தச் சங்கங்களைத் தொடங்கியிருந்தார்கள். 1985இல் அவை இணைந்து சர்வதேச கே (தன்பாலீர்ப்பாளர்) ரோடியோ சங்கம் ஆயின. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இக்ரா' என்பார்கள். கொலராடோவின் வெய்ன் ஜக்கீனோ முதல் தலைவர். ஒரே விதிப்புத்தகம், ஒரே புள்ளிக் கணக்கு, ஊர் ஊராக ரோடியோ, வருடக் கடைசியில் இறுதிப் போட்டி. இப்படித்தான் அது சுற்று ஆனது. முதல் இறுதிப் போட்டி 1987இல் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் நடந்தது.

அடுத்த வருடம் நெவாடாவுக்கே திரும்பிப் போக முயன்றார்கள். ரீனோவில் இடம் கைநழுவியது. ஃபாலன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பண்ணையைப் பிடித்தார்கள். மாவட்ட நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கி அதையும் நிறுத்தியது. போட்டியாளர்கள் குதிரைகளோடு வந்து சேர்ந்த பிறகு நடந்தது இது.

களத்தில் என்ன வித்தியாசம்

கேலிக்கூத்து என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இக்ராவில் 13 போட்டிகள் உண்டு. அவற்றில் பத்து, எந்த ரோடியோவிலும் பார்க்கக்கூடிய வகைதான். காளை அங்கேயும் அதே காளை. எலும்பும் அதே மாதிரிதான் முறியும். வித்தியாசங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, எல்லாப் போட்டிகளிலும் ஆணும் பெண்ணும் இறங்கலாம். தொழில்முறை ரோடியோவில் பீப்பாய் ஓட்டம் பெண்களுக்கு, காளை ஆண்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பெண் காளை ஏறுவாள், ஆண் பீப்பாயைச் சுற்றுவான். தன்பாலீர்ப்பாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மனைவியோடு வந்து போட்டியிடுகிற ஆண்களும் உண்டு.

இரண்டாவது, அந்த மூன்று வேடிக்கைப் போட்டிகள். ஒன்றில் இருவர் சேர்ந்து ஆட்டுக்கு உள்ளாடை மாட்டிவிட்டு ஓடி வர வேண்டும். ஒன்றில் இளங்காளையின் வாலில் ரிப்பன் கட்ட வேண்டும். மூன்றாவதில் ஓர் ஆண், ஒரு பெண், பெண் வேடமிட்ட ஒருவர் என மூவர். மாட்டை எல்லைக் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், வேடதாரியை மேலே ஏற்றிக் கோட்டைக் கடக்க வைக்க வேண்டும். விக் பறக்கும். கௌபாய் என்பதே தொப்பியும் பூட்ஸும் போட்ட ஒரு வேஷம்தான் என்று கூட்டத்துக்கு நினைவுபடுத்துகிற இடம் இது. எனக்கு இந்த மூன்றுதான் மொத்த ரோடியோவிலும் புத்திசாலித்தனமான பகுதி என்று தோன்றுகிறது.

மூன்றாவது, பெயர். ஆரம்ப வருடங்களில் பலர் புனைபெயரில் போட்டியிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கோ ராணுவ முகாமுக்கோ பண்ணைக்கோ திரும்பியாக வேண்டிய ஆளின் படம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தால் வேலை போய்விடும். சொந்தச் சுற்றில்கூட முழுசாக வெளியே வர முடியாத நிலை.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது, ஆளில்லாக் குதிரை. களத்தை ஒரு குதிரை சுற்றி வரும்; சேணம் காலியாக இருக்கும். கூட்டம் எழுந்து நிற்கும். இறந்துபோன தோழர்களுக்கான சடங்கு அது. 80களின் கடைசியிலும் 90களிலும் அந்த அஞ்சலிக்கு உரியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அன்றைக்கு எய்ட்ஸ் நோயாளிகளுக்கான நிதிக்கு இந்த ரோடியோக்கள் ஒரு முக்கிய வழி. மிஸ்டர், மிஸ் என்ற பட்டங்களுக்கு வருடா வருடம் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களின் வேலையே ஊர் ஊராக நன்கொடை திரட்டுவதுதான்.

காதலைப் பொறுத்தவரை முக்கியமானது களம் அடங்கிய பிறகு நடக்கிறது. ராத்திரி கன்ட்ரி இசைக்கு நடனம். இரண்டு ஆண்கள் கைகோத்து 'டூ ஸ்டெப்' ஆடுவார்கள். யாரும் கையில் கைக்குட்டை கட்டிக்கொள்வதில்லை. யார் முன்னால் நடத்துவது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள், பாதி பாட்டில் மாற்றியும் கொள்வார்கள். மாட்டுப் பண்ணையில் வளர்ந்து, நகரத்துக் கே பாருக்குள் போனால் தன் பூட்ஸைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூசியவனுக்கு இந்த இரண்டு நாட்கள் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஊரில் தன்பாலீர்ப்பை மறைத்தான். நகரத்தில் ஊரை மறைத்தான். இங்கே இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை.

விழுந்த பிறகு யார் சொந்தம்

எட்டு விநாடிக்குள் காளை தூக்கி எறிந்து மிதித்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: நீங்கள் அவருக்கு என்ன உறவு? பத்து வருடமாக ஒரே டிரக்கில் சுற்றியவன் 'கூட்டாளி' என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் அர்த்தம் இல்லை. பேசாமல் இருந்ததால் வேனில் மிச்சமான பணத்துக்கெல்லாம் இங்கே வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

இது மாறிய வரிசை:

1. 2003. லாரன்ஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. ரோடியோவின் தாய்மண் என்று சொல்லத்தக்க டெக்சாஸில் அதுவரை அது குற்றம்.
2. 2010 ஏப்ரலில் அதிபர் ஒபாமா பிறப்பித்த ஆணையின்படி, அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் நோயாளி விரும்பும் துணையை உள்ளே விட வேண்டும் என்ற விதி 2011 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.
3. 2015 ஜூன் 26. ஓபர்கெஃபெல் தீர்ப்பு, நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணம் செல்லும்.

இவற்றுக்கு முன்னால் இருந்தவர்களின் கதி என்ன? ஓக்லஹோமாவில் இரண்டு ஆண்கள் 20 வருடங்களுக்கு மேல் ஒன்றாகப் பண்ணை நடத்தினார்கள். நிலம் ஒருவர் பெயரில். அவர் எல்லாவற்றையும் மற்றவருக்கே உயில் எழுதி வைத்துவிட்டு இறந்துபோனார். உயிலில் இரண்டு சாட்சிக் கையெழுத்து தேவை, இருந்தது ஒன்று. இறந்தவரின் உறவுக்காரர்கள் வழக்குப் போட்டுப் பண்ணையை எடுத்துக்கொண்டார்கள். கணவன் மனைவியாக இருந்திருந்தால் உயிலில் அந்தக் குறை இருந்தும் நிலத்தில் ஒரு பங்காவது கிடைத்திருக்கும். இவர்கள் ரோடியோக்காரர்கள் அல்ல, ஆனால் நிலைமை அதேதான். டிரக்கும் ட்ரெய்லரும் குதிரையும் யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கும்.

இன்றைய நிலை

தனிச் சுற்று இப்போது சுருங்கிவிட்டது. 90களில் இருந்த அளவுக்கு ரோடியோக்கள் இப்போது நடப்பதில்லை, போட்டியாளர்களுக்கு வயதாகிறது. மைதான வாடகை, காப்பீடு, மாட்டுக்கான செலவு எல்லாம் ஏறிவிட்டன. பரிசுத் தொகை சொற்பம் என்பதால் இதை நம்பி யாரும் பிழைக்க முடியாது. வார நாளில் வேறு வேலை பார்த்தாக வேண்டும். மிருகவதை என்று விலங்குநல அமைப்புகள் எதிர்ப்பதும் உண்டு. மற்ற ரோடியோக்களை எதிர்க்கிற அதே காரணம்தான், அதில் நியாயமும் இருக்கிறது. கன்றைச் சுண்டி இழுத்துக் கீழே தள்ளிக் கட்டுகிற போட்டியை இக்ரா வைத்துக்கொள்ளவில்லை. கயிறு விழுந்ததும் சேணத்திலிருந்து அறுந்துகொள்கிற வகையைத்தான் நடத்துகிறது. அதோடு விமர்சகர்கள் சமாதானம் ஆகிவிடவில்லை.

இளைஞர்கள் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: உள்ளூர் ரோடியோவுக்கே துணையோடு போக முடிகிறவனுக்குத் தனி ரோடியோ எதற்கு? சில ஊர்களுக்கு இது பொருந்தும். ஆனால் சம்பளமில்லாத, கட்டணம் கட்டி ஆடுகிற, வேனைப் பங்கிடுகிற தொழில்முறைச் சுற்றின் கணக்கு கொஞ்சமும் மாறவில்லை. திருமணச் சட்டம் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தது; வேனின் கதவு அதன் கையில் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் மேற்கு அமெரிக்க வரலாற்றுக்கென்றே இருக்கிற ஆட்ரி அருங்காட்சியகம் இக்ராவின் ஆவணங்களை வாங்கிப் பாதுகாக்கிறது. மேற்கின் வரலாற்றில் இவர்களுக்கும் இடம் உண்டு என்ற ஒப்புதல் அது. டென்வரிலும் ஃபீனிக்ஸிலும் லிட்டில் ராக்கிலும் ரோடியோ நடத்தி வந்தவர்களுக்கு இதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் சங்கடமும் உண்டு. அவர்கள் இன்னும் மாடு தேடி அலைகிறார்கள். 1976இல் ராக்ஸ்டேலுக்குத் தர மனமில்லாமல் மறுத்தார்கள். இன்றைக்கு வாடகைதான் கட்டுப்படியாகவில்லை.